தங்கத் தளத்தில் பிறந்த தாள்

தனி அணுவைத் தேடி – 11

சென்ற அத்தியாயத்தை 1990-ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். கலிஃபோர்னியாவில் ஐபிஎம் நிறுவனத்தின் அல்மடேன் ஆய்வுக்கூடத்தில் டான் ஐக்லர் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, நிக்கல் பரப்பின் மேல் நிறுவனத்தின் பெயரை எழுதிக் காட்டிய இடம் அது. உலகமே வியந்தது. ஆனால் வேதியியலாளரின் கண்ணுக்கு ஒரு குறை தெரிந்தது. அந்த அணுக்களில் எதுவும் பக்கத்து அணுவைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கடுங்குளிரில் வைத்த இடத்தில் கிடந்தன, அவ்வளவுதான். சற்றே சூடேறினால் எழுத்து கலைந்துபோகும்.

இந்த அத்தியாயம் அந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்களைப் பற்றியது. உலோகத்தின் மேல் மூலக்கூறுகளைப் பரப்ப வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று கெட்டியாகப் பிணைக்க வேண்டும். ஒரே மூலக்கூறின் தடிமனில் ஒரு பாலிமர் தாள் உருவாக வேண்டும். பிறகு அந்தத் தாளுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி ஓடுகின்றன என்று அளக்க வேண்டும். 2007-இல் பெர்லினில் உருவான சிறு வலைத் துண்டுகளில் தொடங்கி, எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகள் (அவை எடுக்கக்கூடிய ஆற்றல்களின் தொகுப்புகள்) தெளிவாகத் தெரிந்த 2020-ஆம் ஆண்டின் தாள் வரை வந்து சேரப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்த நீண்ட வழியில் பெரிய உதவியாக இருந்ததும் பெரிய இடைஞ்சலாக இருந்ததும் ஒன்றேதான்: தாளுக்கு அடியிலிருந்த உலோகம்.

தாளில் ஓடும் எலக்ட்ரான் தனிப்போக்கு உடையது என்பது பழைய சங்கதி. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில் கங்குலியுடன் சேர்ந்து கிராஃபைட் படிகங்களை ஆராய்ந்தார். 1939-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: கார்பன் அடுக்கின் தளத்தோடு மின்சாரம் தாராளமாகப் பாய்கிறது, ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தாண்ட மிகவும் திணறுகிறது. கிராஃபைட்டுக்குள் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய இரண்டு பரிமாணத்திலேயே வாழ்கின்றன என்பதற்கு அது நல்ல சான்று. 1947-இல் பி. ஆர். வாலஸ், கிராஃபைட்டைப் புரிந்துகொள்ளும் முதல் படியாக, ஒற்றை அடுக்கின் ஆற்றல் பட்டைகளைக் கணக்கிட்டார். அந்த ஒற்றை அடுக்கைத்தான் 2004-இல் மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் பிரித்தெடுத்தார்கள். கிராஃபீன் என்ற பெயர் எல்லோர் வாயிலும் புகுந்தது.

கிராஃபீனில் எலக்ட்ரான்கள் அபார வேகத்தில் ஓடும். ஆனால் அதில் பட்டை இடைவெளி இல்லை. நிரம்பிய ஆற்றல் பட்டையும் காலியான பட்டையும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன. சிலிக்கானில் அப்படியில்லை, இரண்டுக்கும் நடுவே 1.1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி இருப்பதால்தான் டிரான்சிஸ்டரை அணைக்க முடிகிறது. கிராஃபீனை அணைக்க முடியாது. அணைக்க முடியாத சுவிட்சை வைத்து யாரும் கணினி கட்ட முடியாது.

அப்படியானால் மூலக்கூறுகளைக் கொண்டு நாமே ஒரு தாளைக் கட்டினால் என்ன? எந்த மூலக்கூறைத் தேர்ந்தெடுக்கிறோம், அதை எங்கே இணைக்கிறோம் என்பதை வைத்து இடைவெளியின் அளவைத் தீர்மானிக்கலாம். மின்சாரம் கடத்தும் பாலிமர்கள் உண்டு என்பதை ஷிரகாவா, மெக்டயார்மிட், ஹீகர் மூவரும் 1977-இலேயே காட்டிவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அதற்குத்தான். ஆனால் அவை சங்கிலிகள். சங்கிலியில் ஒரு கண்ணி பழுதானால் அந்த வழி அடைபட்டது. தாளில் எலக்ட்ரானுக்குச் சுற்றிப்போக இடமுண்டு. கோட்பாட்டாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: மூலக்கூறுகள் சரியான வடிவில் அடுக்கப்பட்டால், கிராஃபீனின் வேகத்தையும் குறைகடத்தியின் இடைவெளியையும் ஒரே தாளில் பெறலாம்.

ஆசை சரி, வழி எது? குடுவையில் கரைசலாக வைத்து வினைபுரியவிட்டால், வளரும் தாள் சுருண்டுகொள்ளும், மடியும், ஒன்றின் மேல் ஒன்று ஒட்டும். சூரிச்சில் டீட்டர் ஷ்லூட்டரும் அவருடைய சகாக்களும் 2009-இல் எழுதிய ஒரு கட்டுரைக்கு வைத்த தலைப்பே, இரு பரிமாணப் பாலிமர் என்பது வேதியியலாளரின் வெறும் கனவா என்ற கேள்விதான். மூலக்கூறைத் தட்டையாகக் கிடத்தி வைக்க ஒரு தளம் தேவைப்பட்டது. அந்தத் தளமே வினையையும் தூண்டிவிட்டால் இன்னும் நல்லது.

அப்படித் தூண்டக்கூடிய உலோகத்தை வேதியியல் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தது. 1901-இல் ஃப்ரிட்ஸ் உல்மன், பென்சீன் வளையத்தில் குளோரினோ புரோமினோ அயோடினோ ஒட்டியிருக்கும் சேர்மங்களைச் செம்புத் தூளோடு சேர்த்துச் சூடாக்கினால், அந்த ஹாலஜன் கழன்று, இரண்டு வளையங்கள் நேரடியாக இணைந்துகொள்கின்றன என்று காட்டினார். பாடநூல்களில் அது உல்மன் வினை. 1992-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஷியும் பென்ட்டும், தூளுக்குப் பதிலாகத் தூய்மையான செம்புப் படிகத்தின் மேல், வெற்றிடத்துக்குள் அதே வினை நடப்பதை உறுதிசெய்தார்கள்.

2000-ஆம் ஆண்டு, பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம். கார்ல்-ஹைன்ஸ் ரீடரின் குழுவில் சா-வாய் ஹ்லா அந்த வினையை ஒற்றை ஜோடி மூலக்கூறுகளில் செய்து காட்டினார். செம்பின் மேல் இரண்டு அயோடோபென்சீன்கள். வெப்பநிலை 20 கெல்வின். அந்தக் குளிரில் வினை தானாக நடக்காது. அணுக்களைத் தடவிப் பார்த்துப் படமெடுக்கும் எஸ்டிஎம் என்ற ஊசிமுனை நுண்ணோக்கியிலிருந்து எலக்ட்ரான்களைப் பாய்ச்சி அயோடினைக் கழற்றினார். ஊசியாலேயே இரண்டு வளையங்களையும் பக்கத்தில் இழுத்துவந்தார். மறுபடி எலக்ட்ரான்களைச் செலுத்தி இணைத்தார். பிறகு ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். இரண்டும் சேர்ந்தே நகர்ந்தன. ஐக்லரின் செனான் எழுத்துகளுக்கு இல்லாத பிடிப்பு இங்கே கிடைத்தது. என் கணிப்பில் இந்தத் துறையின் உண்மையான தொடக்கம் இந்தச் சோதனைதான். ஆனால் ஊசியால் ஒவ்வொரு பிணைப்பாகப் போட்டுத் தாள் கட்டி முடியாது. மூலக்கூறுகள் தாமாகவே கூட வேண்டும்.

அதைச் செய்தவர்களும் பெர்லின்காரர்களே. லெயன்ஹார்ட் கிரில் இயற்பியலாளர். ஸ்டெஃபான் ஹெக்ட் வேதியியலாளர். 2007-இல் அவர்களும் லிவர்பூலின் மாட்ஸ் பெர்சனும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக்குக் கச்சாப்பொருள் போர்ஃபிரின். இலையின் பச்சையத்துக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் நடுவிலிருக்கும் அதே சதுர வடிவக் கட்டமைப்பு. அதன் நான்கு பக்கங்களிலும் பென்சீன் வளையக் கால்களை வைத்து, கால்நுனியில் புரோமின் அணுக்களைப் பொருத்தினார்கள். எத்தனை புரோமின் என்பதில்தான் சூட்சுமம். ஒரு காலில் மட்டும் புரோமின் என்றால், தங்கப் பரப்பில் சூடாக்கியதும் ஜோடிகள் கிடைத்தன. எதிரெதிரான இரு கால்களில் என்றால் நீண்ட சங்கிலிகள். நான்கிலும் என்றால் கட்டம் கட்டமாக வலை. அடுத்தடுத்த போர்ஃபிரின்களின் மையங்களுக்கு இடையே சுமார் 1.7 நானோமீட்டர், சரியாக ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பு விழுந்தால் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. உருவாகப்போகும் பொருளின் வரைபடத்தை மூலக்கூறிலேயே எழுதி அனுப்பலாம் என்று நிரூபணமாயிற்று. அதே குழு 2009-இல் பாலிஃபுளூரின் சங்கிலி ஒன்றின் நுனியை ஊசியால் கவ்வித் தங்கத்திலிருந்து மேலே தூக்கி, 20 நானோமீட்டருக்கும் அதிகமான நீளம் வரை அதன் வழியாகப் பாயும் மின்னோட்டத்தை இடைவிடாமல் அளந்தது. நீளம் கூடக்கூட மின்னோட்டம் அடுக்குக்குறி விகிதத்தில் சரிந்தது. ஒவ்வோர் அலகும் தங்கத்திலிருந்து விடுபடும்போது அந்தச் சரிவில் ஓர் அலைவு தெரிந்தது.

சங்கிலிகள் இப்படிக் கைகூடிவந்தபோது, தாள் மட்டும் அடம்பிடித்தது. வலைகள் சிறு துண்டுகளாகவே நின்றன. நடுவே ஓட்டைகள், அறுகோண வலைகளில் ஐங்கோணமும் எழுகோணமும், எங்கும் போகாத கிளைகள். இதற்கான காரணம் அடிப்படையானது. சாதாரணப் படிகம் வளரும்போது தவறான இடத்தில் ஒட்டிய மூலக்கூறு கழன்று சரியான இடத்துக்கு மாறிக்கொள்ளும். கார்பன்–கார்பன் பிணைப்பு அப்படி விடாது. எந்த உறுதிக்காக அதை விரும்பினார்களோ, அதே உறுதி தவறையும் நிரந்தரமாக்கிவிட்டது.

இந்த முடிச்சை நன்றாகப் புரியவைத்தவர்கள் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் ரோமன் ஃபாஸலின் குழுவினர். மைன்ஸ் நகரத்து கிளாஸ் மியூலனின் வேதியியலாளர்கள் அவர்களுக்கு ஆறு பென்சீன் வளையங்கள் வட்டமாகக் கோத்த மூலக்கூறு ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அதன் ஆறு முனைகளிலும் அயோடின். மார்கோ பியரி அதே மூலக்கூறைச் செம்பு, தங்கம், வெள்ளி ஆகிய மூன்றின் மேலும் போட்டுப் பார்த்தார். 2010-இல் வந்த முடிவு தெளிவாக இருந்தது. செம்பில் கிளைகிளையாக மெலிந்த உருவங்கள். தங்கத்தில் சிறு கொத்துகள். வெள்ளியில் மட்டும் அடர்ந்து பரந்த வலை. பந்தியில் முதலில் வந்தவர் வாசலோரத்து இலையிலேயே உட்கார்ந்துவிட்டால், பின்னால் வருகிறவர்கள் உள்ளே போக வழியிராது. உள்வரிசை காலியாகவே கிடக்கும். செம்பின் மேல் நடந்தது அதுதான். மூலக்கூறு நகரச் சிரமப்பட்டது, சந்தித்த மாத்திரத்தில் பிணைந்தது. வெள்ளியில் அது எளிதாக நகர்ந்தது, பிணைய மட்டும் தயங்கியது. அந்தத் தயக்கத்தில் சரியான இடம் தேட அவகாசம் கிடைத்தது. ஆக, வினையைத் துரிதப்படுத்தும் உலோகமே நல்ல உலோகம் என்ற எண்ணம் தவிடுபொடியாயிற்று.

தாளின் வடிவத்தில் உலோகம் தலையிட்டது ஒரு பக்கம். அதன் மின்குணத்திலும் தலையிட்டதுதான் இந்த வரலாற்றின் கடினமான பகுதி. அதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு மூலக்கூறில் எலக்ட்ரான் ஒன்றைச் சேர்க்கவோ எடுக்கவோ ஆகும் ஆற்றலை வைத்துத்தான் அதன் இடைவெளியை அளக்கிறோம். பக்கத்தில் உலோகம் இருந்தால், சேர்க்கப்பட்ட மின்னூட்டத்துக்கு எதிரான மின்னூட்டம் உலோகப் பரப்பில் திரண்டு அதைத் தாங்கிக்கொள்கிறது. செலவு குறைகிறது, இடைவெளி சுருங்கித் தெரிகிறது. ஏழு கார்பன் அகலமுள்ள கிராஃபீன் நாடா நல்ல எடுத்துக்காட்டு. எம்பா குழு 2010-இல் முதன்முதலாகத் தங்கத்தின் மேல் துல்லியமாகச் செய்த நாடா அது. தனியாக மிதப்பதாகக் கொண்டு கணக்கிட்டால் அதன் இடைவெளி சுமார் 3.7 எலக்ட்ரான் வோல்ட். தங்கத்தின் மேல் அளந்தால் 2.3. நாடாவில் ஓர் அணு கூட மாறவில்லை.

செம்பில் நிலைமை இன்னும் மோசம். பிரான்ஸின் நான்சி நகரத்திலிருந்து கியோம் வாசெர், தானியல் மால்தெர் ஆகியோரும், அவர்களோடு கனடாவின் ஃபெடரிகோ ரோஸெய், திமித்ரி பெரெபிச்கா ஆகியோரும் 2016-இல் பாலிபாராஃபெனிலீன் சங்கிலிகளைச் செம்பின் மேல் ஒழுங்காக வளர்த்து அளந்தார்கள். வேதியியலாளர் எல்லோரும் குறைகடத்தி என்று அறிந்த பாலிமர் அது. அங்கேயோ, செம்பிலிருந்து எலக்ட்ரான்கள் ஏறி அதன் காலிப் பட்டையில் ஒரு பகுதியை நிரப்பிவிட்டன. நிரம்பிய பட்டைக்கும் மேல்பட்டைக்கும் இடையே 1.15 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி தெரிந்தும், பாலிமர் ஓர் உலோகமாக நடந்துகொண்டது. அளந்தது பாலிமரின் குணமா, பாலிமரும் செம்பும் கூடிய ஒரு புதுப் பொருளின் குணமா? இரண்டாவதுதான் என்றே சொல்ல வேண்டும். உலோகப் பரப்பில் எடுக்கும் அளவீடுகளை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

தப்பிக்க இரண்டு வழிகள் முளைத்தன. ஒன்று, தாளை அங்கேயே வைத்துக்கொண்டு உலோகத்தின் பிடியை மட்டும் தளர்த்துவது. மியூனிக்கில், டாய்ச்சஸ் மியூசியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தோடு இணைந்து இயங்கும் மார்கஸ் லக்கிங்கரின் குழு, 2016-இல் வெள்ளியின் மேல் உருவான வலைக்கு அயோடின் ஆவியைக் காட்டியது. அயோடின் அணுக்கள் வலைக்கும் வெள்ளிக்கும் நடுவே நுழைந்து, ஓரணு அடுக்காகப் பரவி, இரண்டையும் பிரித்துவைத்தன. வலை சிதையவில்லை. மற்றொன்று, தாளை முழுசாகப் பெயர்த்து வேறிடத்துக்குக் கொண்டுபோவது. 2018-இல் பார்சிலோனாவின் ஐத்தோர் முகார்சாவும் சாந்தியாகோவின் தியேகோ பேன்யாவும் அதைச் செய்தார்கள். தங்கத்தின் மேல் 200 டிகிரியில் சங்கிலி, 400 டிகிரியில் நாடா, 450 டிகிரியில் பக்கத்துப் பக்கத்து நாடாக்கள் இணைந்து துளைகள் கொண்ட கிராஃபீன். ஒவ்வொரு துளையும் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர்; ஒரே அளவு, ஒரே வடிவம். இடைவெளி சுமார் 1 எலக்ட்ரான் வோல்ட், அதாவது சிலிக்கானுக்கு மிக அருகில். பின்பு அதைத் தங்கத்திலிருந்து எடுத்து, ஆக்சைடு பூசிய சிலிக்கானில் வைத்து, டிரான்சிஸ்டராக இயக்கினார்கள். அது அணைந்தது. கிராஃபீன் செய்ய மறுத்த வேலை அது.

ஆயினும் கோட்பாட்டாளர்கள் சொன்ன கிராஃபீனின் வேகம் இன்னும் கிடைக்கவில்லை. முக்கோணங்கள் மூலையோடு மூலை சேர்ந்து, நடுவில் அறுகோண வெளி விட்டுப் பரவும் அமைப்புக்கு இயற்பியலாளர் ககோமே அணிக்கோவை என்பார்கள். அதன் கணக்கைப் போட்டால் இரண்டு அதிசயங்கள் ஒருசேர வரும். ஒன்று டிராக் கூம்பு: எலக்ட்ரானின் ஆற்றல் உந்தத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும், நிறையே இல்லாததுபோல் அது ஓடும். மற்றொன்று தட்டைப் பட்டை: உந்தம் எதுவானாலும் ஆற்றல் மாறாது, எலக்ட்ரான் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அது இருந்த இடத்திலேயே தங்கிவிடும். மிக வேகமான எலக்ட்ரானும் நகராத எலக்ட்ரானும் ஒரே தாளில். கணக்கில் வந்ததை யாராவது கண்ணால் பார்க்க வேண்டும்.

பார்க்கும் கருவி ஒளிமின் விளைவை அடிப்படையாகக் கொண்டது. புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, தாளிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான் எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆற்றலோடு வருகிறது என்று அளந்தால், உள்ளே அதன் உந்தமும் ஆற்றலும் தெரியும். ஆனால் எஸ்டிஎம் ஒரு மூலக்கூறைப் பார்க்கும்; இந்த ஒளிக்கற்றையோ அதைவிடப் பல்லாயிரம் மடங்கு அகலமான பரப்பை ஒரே மூச்சில் நனைக்கிறது. தாள் துண்டு துண்டாகவும் ஓட்டையாகவும் இருந்தால் எல்லாத் துண்டுகளின் செய்தியும் கலந்து வெறும் மங்கல்தான் மிஞ்சும். ஒழுங்கான பெரிய தாள் இல்லாமல் பட்டைகளைப் பார்க்க வழியே இல்லை. வடிவத்தின் சிக்கலும் மின்குணத்தின் சிக்கலும் இங்கே ஒன்றாகிவிட்டன.

மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் பெரெபிச்கா, கியூபெக்கின் தேசிய அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் ரோஸெய், ரோம் நகரத்தின் ஜார்ஜோ கொந்தீனி, அளவீடுகளில் முன்னின்ற இளைஞர் ஜான்லூக்கா கலெயோத்தி ஆகியோர் 2020-இல் அதை முடித்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த மூலக்கூறு ஒரு முக்கோணம். நடுவில் நைட்ரஜன், சுற்றிலும் வளையங்களைப் பூட்டிவைக்கும் மூன்று ஆக்சிஜன்கள், மூன்று மூலைகளிலும் புரோமின். வளையவோ முறுக்கவோ இடம்தராத விறைப்பான தட்டை உருவம். அந்த விறைப்பால் ஐங்கோணமும் எழுகோணமும் உருவாவது அரிதாயிற்று. இரண்டாவது உத்தி இன்னும் எளியது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. வழக்கமாக மூலக்கூறுகளைக் குளிர்ந்த உலோகத்தில் படியவிட்டு, பிறகு சூடாக்குவார்கள். இவர்கள் தங்கத்தை முன்னமே சூடாக்கி வைத்து, அதன் மேல் மூலக்கூறுகளைப் படியவிட்டார்கள். வந்து விழும் ஒவ்வொன்றும் ஓடித் திரிந்து, காலி இடத்தைக் கண்டுபிடித்து அமர்ந்தது. எம்பா குழு வெள்ளியிடம் கற்ற பாடம், இங்கே தங்கத்தின் மேல் சூட்டைக் கொண்டு நிறைவேறியது.

ஒளிக்கற்றையைப் பாய்ச்சியபோது கூம்பு தெரிந்தது. தட்டைப் பட்டையும் தெரிந்தது. தாள் குறைகடத்தியாகவும் இருந்தது. மூலக்கூறைத் தேர்ந்தெடுத்து மின்குணத்தைத் தீர்மானிப்பது என்ற பழைய ஆசை, கணினிக் கணக்கிலிருந்து இறங்கி உண்மையான தாளில் பதிந்தது. தங்கம் இன்னும் அடியில்தான் இருந்தது. ஆனால் செம்பைப்போல அது பட்டைகளைக் கலைத்துப்போடவில்லை.

அடுத்த ஆண்டே வந்த ஒரு முடிவு எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. ஜெர்மனியின் மார்பர்க் நகரத்து மிஹாயேல் காட்ஃப்ரீடும் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்து பீட்டர் லில்யெரோத்தும், ஃபுளூரின் பொருத்திய பென்சீன் சங்கிலிகளைத் தங்கத்தின் மேல் அக்கம்பக்கமாக வளர்த்து, அவற்றின் ஃபுளூரினும் ஹைட்ரஜனும் ஜோடியாகக் கழன்றுபோகும்படி செய்தார்கள். சங்கிலிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. கிடைத்தது பைஃபெனிலீன் வலை: நான்கு, ஆறு, எட்டு கார்பன்கள் கொண்ட வளையங்கள் மாறிமாறி வரும் தட்டையான கார்பன் தாள். கிராஃபீனைப்போலவே இதுவும் முழுக்கக் கார்பன், ஓரணுத் தடிமன். மின்குணம் மட்டும் வேறு. 21 அணு அகலத்துக்கு வந்ததுமே இந்தத் தாளின் நாடா உலோகமாக நடந்துகொண்டது. இம்முறை அந்த உலோகத்தன்மை கார்பன் அணுக்களின் அடுக்குமுறையிலிருந்தே வந்தது.

அதே 2021-இல் லக்கிங்கரின் மியூனிக் குழு உலோகத்தையே கைவிட்டுப் பார்த்தது. மெழுகு இனத்தைச் சேர்ந்த ஆல்கேன் அடுக்கு ஒன்றைக் கிராஃபைட்டின் மேல் விரித்து, அதன் மேல் ஆந்த்ரசீன் சிறகுகள் கொண்ட மூலக்கூறுகளை நிறுத்தி, சூடே இல்லாமல் ஒளியால் மட்டும் பிணைத்தார்கள். பிணைப்பதற்கு முன்பே மூலக்கூறுகள் வரிசையில் நின்றுவிட்டதால் தாள் பிறக்கும்போதே ஒழுங்காகப் பிறந்தது. ஆனால் அந்த வினையில் உருவாகும் பிணைப்பு எலக்ட்ரான்களின் பாதையை இடையிடையே துண்டிக்கிறது. ஒழுங்கையும் எலக்ட்ரான் ஓட்டத்தையும் ஒருசேரப் பெற, உலோகம் இல்லாத தளத்தில் எந்த வேதியியல் உதவும் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)